ஓடிப்போனவரும் தப்பிவந்தவரும்

(பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில் ஒரு கோட்டை இருந்தது. ஊரின் பெயரிலேயே அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியார், அவருடைய தம்பி ஊமைத்துரையையும் மற்ற உறவினரையும் இந்தப் பாளையங்கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் ஆனது. 1801 பிப்ரவரி 2 அன்று மாலை, வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலேயின் தோட்டவீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். கைதிகளிடையே அம்மை பரவியிருந்ததால் விலங்குகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மாறுவேடத்தில் வந்த கைதிகளின் ஆட்கள் காவலரை மடக்கினார்கள். கைதிகள் வெளியே வந்தார்கள். கோட்டை வாசல் காவலையும் கடந்தார்கள். முப்பது மைல் தொலைவிலிருந்த பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி இரவோடு இரவாக ஓடினார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830 இல் அச்சாயின. பிறகு இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881 இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதியபோது வெல்ஷின் விவரங்களைத் தாராளமாக எடுத்தாண்டார்.

இந்த நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம் மாணவர் என்ன சொல்வார்? 'எஸ்கேப்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிப்பார். தவறில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் அந்த மாலையில் நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பார். சுவருக்குள் அடைபட்டிருந்தவர்கள் பலத்தால் உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள், அது 'பிரேக் அவுட்'. வாசல் காவலரைத் தாண்டினார்கள், அது 'கெட் பாஸ்ட்'. துரத்துகிறவர் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்கள், அது 'கெட் அவே'. பின்தொடர்ந்தவரை உதறிவிட்டார்கள், அது 'ஷேக் ஆஃப்'. காவலர் கண்ணில் படாமல் ஒருவர் மட்டும் மெல்ல நழுவியிருந்தால் 'ஸ்லிப் அவுட்' என்றிருப்பார். இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்கள். சேர்க்கைதான் நம்மைத் திணற அடிக்கிறது.

இந்தத் திணறல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல, புதியதும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755 இல் தம் அகராதியை வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடும் இந்தச் சேர்க்கைதான் வேற்று மொழிக்காரருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்பது அவர் கருத்து. எடுத்துக்காட்டுகளை வரிசையாகத் தருகிறார். அந்த வரிசையில் முதலில் நிற்பதே தப்பித்தல் பற்றியதுதான். 'கம் ஆஃப்' என்றால் தந்திரம் செய்து தப்புவது என்று பொருள் எழுதுகிறார். அந்தப் பொருளில் இன்று யாரும் அதைச் சொல்வதில்லை. 'செட் ஆஃப்' என்பதற்கு அழகூட்டுதல் என்று எழுதுகிறார். இன்றைக்கு மாணவர் முதலில் படிக்கும் பொருள் பயணம் புறப்படுதல். 'செட் அவுட்' மட்டும் அன்றும் இன்றும் புறப்படுதலாகவே இருக்கிறது. இருநூற்றெழுபது ஆண்டுகளில் இவ்வளவு புரண்டிருக்கிற ஒன்றை, பட்டியல் போட்டு இரண்டு நாளில் மனப்பாடம் செய்து வா என்று பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே பிற்பாடு வந்ததுதான். லோகன் பியர்சால் ஸ்மித் 1925 இல் எழுதிய புத்தகத்தின் வழியாக அது பரவியது. பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். விட்டுப் போவதையும் தப்புவதையும் குறிக்கும் வினைகள் சாட்சி சொல்கின்றன. யார் போனார், எதிலிருந்து போனார், தானாகப் போனாரா, விரட்டப்பட்டாரா, போனதால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் ஒரே வினையில் வைத்துச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலமும் அதைச் செய்கிறது, தமிழும் செய்கிறது. செய்யும் வழி வேறு. நம் பிள்ளைக்கு நம் வழி ஏற்கனவே தெரியும். அதிலிருந்து தொடங்கினால் ஆங்கிலத்தின் வழியும் பிடிபடும்.

தமிழ் வழி என்ன என்று பாருங்கள். 'ஓடினான்' என்றால் கால் செய்த வேலை. 'ஓடிவிட்டான்' என்றால் காரியம் முடிந்தது, இனி பிடிக்க முடியாது. 'ஓடிப்போனான்' என்றால் வீட்டில் யாரோ அழுகிறார்கள். 'ஓடிவந்தான்' என்றால் நம் பக்கம் வந்துவிட்டான். 'ஓடித் தொலைந்தான்' என்றால் சொல்கிறவருக்கு எரிச்சல். 'விலகினான்' என்பதைவிட 'விலகிக்கொண்டான்' என்பதில் தன்னலமோ தற்காப்போ தெரிகிறது. கூட்டாகத் தொடங்கிய தொழிலிலிருந்து ஒருவர் நைசாகப் பின்வாங்கினால் 'கழண்டுக்கிட்டான்' என்கிறோம். நம் இலக்கணம் இவற்றைத் துணைவினை என்கிறது. முதல் வினை நடந்ததைச் சொல்கிறது. துணைவினை, நடந்ததைச் சொல்கிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைச் சொல்கிறது.

இந்த ஊர்ப் பேச்சில் இது இன்னும் கூர்மை. மதுரைக்காரர் 'பஸ்ஸு போயிருச்சு' என்பார். நாம் 'பஸ்ஸு போயிட்டு' என்போம். வெளியூர்க்காரர் அதைக் கேட்டு, போய்விட்டு அப்புறம் என்ன ஆயிற்று என்று காத்திருப்பார். நமக்கோ வாக்கியம் அங்கேயே முடிந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுருங்கும். 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். போவதைச் சொல்லும்போதே திரும்புவதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லாமல் ஒருவன் எழுந்து போனால் 'சொல்லாம கொள்ளாம போயிட்டான்'. கோபத்தில் போனால் 'அப்படியே அந்தால போயிட்டான்'. அந்த 'அந்தால'வில் உள்ள வருத்தத்தை 'வாக் ஆஃப்' என்ற ஆங்கிலச் சேர்க்கை ஏறக்குறையத் தொடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டிப் போய்விடுவதற்கு அதுதான் பெயர்.

ஆங்கிலத்தில் துணைவினைக்குப் பதில் 'அவுட்', 'அவே', 'ஆஃப்' போன்ற சின்னச் சொற்கள் நிற்கின்றன. அவை முதலில் இடத்தைக் கேட்கின்றன. விட்டுப் போனது எப்படிப்பட்ட இடம்? சுவரும் வாசலும் உள்ள இடமா? அப்படியானால் 'அவுட்'. நிற்கும் இடம் எதுவாக இருந்தாலும் தூரம்தான் முக்கியமா? அப்படியானால் 'அவே'. ஒட்டியிருந்ததிலிருந்து பிய்ந்து வந்ததா, மேலிருந்து நீங்கியதா? அப்படியானால் 'ஆஃப்'. இந்த மூன்றையும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கலாம். டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தால் 'அவுட்'. மேசைமேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தால் 'ஆஃப்'. அந்தப் பழத்தைச் சன்னல் வரை உருட்டிவிட்டால் 'அவே'. சிறையை உடைப்பது 'பிரேக் அவுட்' ஆவதும், கட்சியிலிருந்து பிரிந்து போவது 'பிரேக் அவே' ஆவதும், நிச்சயித்த கல்யாணத்தை முறிப்பது 'பிரேக் ஆஃப்' ஆவதும் இந்த மூன்று அசைவுகளிலிருந்துதான். எல்லாச் சேர்க்கையும் இப்படி நேராக விளங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாதி விளங்கும். மீதியைக் கதையோடு சேர்த்துப் படித்தால் நிற்கும்.

'ரன் அவே', 'ரன் ஆஃப்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். நம் சீமையில் ஒரு தலைமுறைக்கு 'பம்பாய்க்கு ஓடிப்போயிட்டான்' என்பது வீட்டுக்கு வீடு கேட்ட வாக்கியம். தாராவியின் பல சந்துகளில் இன்றும் திருநெல்வேலித் தமிழ் கேட்பதற்குப் பின்னால் பஞ்சம், கடன், சாதிக்கொடுமை, பிழைப்புத் தேடல் எல்லாம் இருக்கின்றன. பரீட்சையில் தோற்று, அப்பா அடிப்பார் என்று ரயிலேறிய பையனுக்கு ஆங்கிலத்தில் 'ரன் அவே' பொருந்தும். வீட்டார் மறுத்ததால் காதலித்தவரோடு போன பெண்ணுக்கு 'ரன் ஆஃப் வித்' என்பார்கள். கடைப் பெட்டியிலிருந்த பணத்தோடு போனவனுக்கு 'மேக் ஆஃப் வித்'. நம் ஊரில் இந்த மூவருக்குமே 'ஓடிப்போனவர்' என்ற ஒரே பெயர்தான். பணத்தைத் தூக்கியவனுக்கும், அடிக்குப் பயந்த பிள்ளைக்கும், தன் மனதுக்குப் பிடித்தவரோடு போன பெண்ணுக்கும் ஒரே வினை. இதை யோசிக்க வேண்டும். குடும்பத்தை வளர்க்கச் சொல்லிக்கொண்டு முறையாகக் கிளம்பிப் போனவரை மட்டும் 'பம்பாய்க்குப் போனவர்', 'சிலோனுக்குப் போனவர்' என்று மரியாதையாகச் சொல்கிறோம். அவருக்கு ஆங்கிலத்தில் 'செட் அவுட்' பொருந்தும். ஒரு நோக்கத்தோடு நீண்ட வழிக்குக் கிளம்புவது அது.

விட்டுப் போவதில் கைவிடுதலும் ஒன்று. 'வீட்டிலிருந்து போனான்' என்றால் புறப்பட்ட இடம் வீடு, அவ்வளவே. 'வீட்டை விட்டுப் போனான்' என்றால் நெஞ்சில் இடிக்கிறது. ஐ வேற்றுமையும் 'விட்டு' என்ற எச்சமும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆங்கிலத்தில் இதே வேற்றுமையை 'ஆஃப்' (of), 'ஆன்' (on) என்ற வேறு இரண்டு முன்னிடைச் சொற்கள் செய்கின்றன. 'வாக் அவுட் ஆஃப் த ரூம்' என்றால் அறையை விட்டு வெளியேறியது. 'வாக் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி' என்றால் மனைவி மக்களைத் தவிக்க விட்டுப் போனது. ஒரு 'ஆன்' வந்து உட்கார்ந்ததும் போனவர் மேல் பழி ஏறுகிறது. இந்த ஒரே எழுத்து வித்தியாசத்தை வகுப்பில் அரை மணி நேரம் பேசலாம், வீணாகாது.

அதே 'வாக் அவுட்' தொழிற்சாலை வாசலில் வேறு பொருள் பெறுகிறது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஊட்டிய துணிவில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அது 'வாக் அவுட்'. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் எழுந்து போனாலும் 'வாக் அவுட்', நாம் வெளிநடப்பு என்கிறோம். முதலாளி கதவைச் சாத்தித் தொழிலாளரை வெளியே நிறுத்தினால் 'லாக் அவுட்', கதவடைப்பு. விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையைச் சுற்றி வளர்ந்த குடும்பங்களுக்கு 'லாக் அவுட்' என்ற சொல் அடுப்பெரியாத நாட்களை நினைவூட்டும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளை இன்று கணினியை மூடும்போது 'லாக் அவுட் பண்ணிட்டேன்' என்கிறாள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் ஒன்று பூட்டு, மற்றது பதிவேடு. ஒன்று வெளியே தள்ளப்படுவது, மற்றது தானே வெளியேறுவது. காதில் ஒன்றுபோல விழும் சொற்களை எழுத்தில் காட்டிப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது.

நம் நாட்டில் பழகிப்போன இரண்டு சேர்க்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'எந்த வருஷம் பாஸ் அவுட்?' என்று கேட்கிறோம். படிப்பு முடித்து வெளியே வந்த ஆண்டைக் கேட்கிறோம். இந்தியா முழுவதும் இது விளங்கும். ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு ஆங்கிலேயரும் இதைச் சொல்வார்கள். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவரிடம் 'நான் 2019 இல் பாஸ் அவுட்' என்றால், 2019 இல் மயங்கி விழுந்தீர்களா என்று அவர் கவலைப்படுவார். அங்கே மயக்கம்தான் அதன் முதல் பொருள். இன்னொன்று, 'வேர் வில் யூ கெட் டவுன்?' என்று பேருந்தில் கேட்பது. நாம் பேருந்திலிருந்து இறங்குகிறோம். 'இறங்கு' என்ற வினையில் கீழ்நோக்கிய அசைவு இருக்கிறது. அதனால் 'டவுன்' வந்தது. ஆங்கிலேயருக்குப் பேருந்து, ரயில், மிதிவண்டி, குதிரை எல்லாவற்றிலிருந்தும் 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் அவுட் ஆஃப்'. எழுந்து நடமாடக்கூடிய வண்டிக்கும் மேலேறி உட்காரும் வாகனத்துக்கும் 'ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரும் பெட்டிக்கு 'அவுட்'. நம் 'கெட் டவுன்' தவறு என்று மாணவர் தலையில் குட்டாதீர்கள். அது நம் ஆங்கிலம். வெளியுலகத்தில் வேறு மாதிரி சொல்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

பழகிய சொல்லை வைத்தே சொல் வரிசையையும் விளக்கலாம். திருநெல்வேலி ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும்போது பாருங்கள். சென்னைக்குப் போகிறவர் ஒருவர் என்றால் வழியனுப்ப வந்தவர் மூன்று பேர். வழியனுப்புவது 'சீ ஆஃப்'. 'சீ ஹிம் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். அவன், அவள், அவர்கள் என்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும், கடைசியில் வராது. பெயர்ச்சொல்லாக இருந்தால் இரு பக்கமும் வரலாம். ரயில் நகர்ந்து நடைமேடையை விட்டு வெளியேறுவது 'புல் அவுட்'. படையைத் திரும்பப் பெறுவதும் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதும் அதே 'புல் அவுட்' தான். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினால் மட்டும் 'பேக் அவுட்'. 'சீ ஆஃப்'க்கு இன்னொரு முகமும் உண்டு. வந்த எதிரியை விரட்டி அனுப்புவதற்கும் அதைச் சொல்வார்கள். 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்க வந்த கம்பெனிப் படையை ஊமைத்துரையின் ஆட்கள் முறியடித்து அனுப்பியது அந்தப் பொருளில் 'சீ ஆஃப்'.

தண்டனையிலிருந்து தப்புவதற்கு ஆங்கிலத்தில் தனிக் குடும்பமே இருக்கிறது. குற்றம் செய்தும் பிடிபடாமல் போனால் 'கெட் அவே வித்'. அதிகாரி மன்னித்து விட்டுவிட்டால் 'லெட் ஆஃப்'. செய்ய வேண்டிய வேலையைத் தட்டிக்கழித்தால் 'கெட் அவுட் ஆஃப்'. இவற்றுக்குத் தமிழில் இணைகள் உண்டு. ஆனால் நம் பத்திரிகைத் தமிழ் எல்லாவற்றுக்கும் 'தப்பினார்' என்றே எழுதிப் பழகிவிட்டது. விபத்தில் உயிர் பிழைத்தவரும் தப்பினார், லஞ்சம் வாங்கியவரும் தப்பினார். முன்னவர் 'தப்பிப் பிழைத்தார்'. பின்னவர் தண்டனைக்கு 'டிமிக்கி கொடுத்தார்'. காவல்துறையினர் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் 'தலைமறைவு'. இருக்கும் சொற்களை எடுத்தாண்டால் நம் தமிழும் நுட்பமாகத்தான் பேசும். 'எஸ்கேப்' என்ற ஒற்றைச் சொல்லிலும் ஒரு நுணுக்கம் கவனியுங்கள். சிறையிலிருந்து தப்பினால் 'எஸ்கேப்' உடன் 'ஃப்ரம்' வரும். சாவிலிருந்து தப்பினால் 'ஃப்ரம்' வராது. அடைபட்டிருந்த இடத்திலிருந்து வந்தால்தான் 'ஃப்ரம்'. நேர இருந்த ஆபத்து நேராமல் போனால் அது தேவையில்லை. நம் மாணவர் விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை இது.

இனி அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 17 ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள். மேற்கே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. இரும்புப் பாதை அந்தரத்தில் தொங்கியது. பயணிகளில் ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் நிலையத்திலும் வண்டியிலுமாக இரண்டு நாட்களைக் கழித்தார்கள். 19 ஆம் தேதிதான் அவர்களை வெளியே கொண்டுவந்து, பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்குச் சேர்த்து, அங்கிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். வண்டி 'செட் ஆஃப்' ஆனது. ஜல்லி 'வாஷ் அவே' ஆனது. நம் 'அரித்துக்கொண்டு போய்விட்டது' என்பதில் அரித்தல், கொள்ளுதல், போதல், விடுதல் என நான்கு வினைகள் வரிசையில் நின்று செய்யும் வேலையை அங்கே ஒரு வினையும் ஓர் 'அவே'யும் செய்கின்றன. ஸ்ரீவைகுண்டம் 'கட் ஆஃப்' ஆனது, நாம் துண்டிக்கப்பட்டது என்கிறோம். பயணிகள் வண்டியிலிருந்து 'கெட் ஆஃப்' ஆனார்கள், ஆனால் ஊரிலிருந்து 'கெட் அவுட்' ஆக முடியவில்லை. இங்கே 'கெட் அவே' சொல்லக் கூடாது. அவர்களை யாரும் துரத்தவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர் சுவர்போல் நின்றது. அதனால் 'அவுட்'. இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணப் புத்தகம் 'அவுட்'டையும் 'அவே'யையும் பிரித்துக் காட்டும்? நம் பிள்ளைகளில் சிலர் அந்த வெள்ளத்தில் மொட்டைமாடியில் இரவு கழித்தவர்கள். அவர்களிடம் இந்த வினைகளைக் கொடுங்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இன்னொரு நாளையும் இந்த ஆற்றங்கரையில் நின்று நாம் மறக்க முடியாது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் பதினேழு உயிர்கள் போயின. அவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அங்கே என்ன நடந்தது என்று ஒரு மாணவர் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆற்றில் குதித்தார்கள்' என்று எழுதினால் செயல் செத்தவர்களுடையது. 'தப்பி ஓடும்போது ஆற்றில் இறங்கினார்கள்' என்றால் துரத்தியவர் இருப்பது தெரிகிறது, ஆனால் முகம் தெரியவில்லை. 'ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள்' என்றால் பொறுப்பு இடம் மாறுகிறது. ஆங்கிலத்தில் 'ரன் ஆஃப்', 'கெட் அவே', 'டிரிவன் இன்டு' என்று அதே மூன்று படிகள் இருக்கின்றன. 'ரன் ஆஃப்' என்று எழுதுகிறவர் அந்த மனிதர்களைத் தாமாகவே ஓடியவர்களாகக் காட்டிவிடுகிறார். 'கெட் அவே' அடிக்குப் பயந்தவர்களைக் காட்டுகிறது. மூன்றாவது, அடித்தவர்களையும் காட்டுகிறது. இதில் எது சரி என்று இலக்கணம் சொல்லாது. நடந்ததைத் தெரிந்துகொண்டு பொறுப்போடு எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

மாஞ்சோலையின் கதை அதோடு முடியவில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. பாம்பே பர்மா நிறுவனம் அங்கே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்களை வளர்த்தது. நான்கு தலைமுறையாக அங்கே பிறந்து வாழ்ந்தவர்களிடம் 2024 இல் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்கப்பட்டது. குத்தகை 2028 இல் முடிகிறது. மலையிலிருந்து கீழே வரும் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் 'மூவ் அவுட்' என்று எழுதலாம். வாடகை வீட்டைக் காலி செய்து வேறு வீட்டுக்குப் போகிறவருக்கும் அதே சொல்தான். பிறந்த மண்ணை விட்டு இறங்குகிறவருக்கு அது போதாது. அந்தத் தொழிலாளர்கள் 'எறங்கச் சொல்லிட்டாங்க' என்கிறார்கள். அந்தச் 'சொல்லிட்டாங்க'வில் வேறு யாரோ கட்டளையிட்டார்கள், அது முடிந்துபோனது, இனி மாற்ற முடியாது என்பதெல்லாம் இருக்கின்றன. இதை ஆங்கிலத்தில் எழுதும் செய்தியாளர் 'மூவ் அவுட்' என்ற எளிய சேர்க்கையோடு நின்றுவிட்டால், அந்த மக்கள் சொன்னதில் பாதியைக் கீழே போட்டுவிட்டார் என்பேன்.

இன்றைய இளைஞர் பேச்சில் 'எஸ்கேப் ஆயிட்டான்', 'டிராப் அவுட் ஆயிட்டா', 'செக் அவுட் பண்ணிட்டோம்' எல்லாம் வந்துவிட்டன. சிலர் இதைக் கேட்டு வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆங்கிலச் சேர்க்கையை அப்படியே பெயராக்கி, ஆகு, பண்ணு என்ற நம் வினையை மாட்டி, அதன் மேல் விடு என்ற துணைவினையையும் ஏற்றிவிட்டோம். கட்டுமானம் முழுக்கத் தமிழ்தான். எனக்கு வருத்தம் தருவது வேறு. 'டிராப் அவுட்' என்ற சொல் படிப்பை நிறுத்திய குழந்தையையே குற்றவாளியாக்குகிறது. அவள் தானாக விழுந்தாள் என்கிறது. பீடி சுற்றினால்தான் வீட்டில் சோறு என்று பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். நம் கிராமத்தில் 'படிப்ப நிறுத்திட்டாவ' என்பார்கள். நிறுத்தியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த வினை மறைக்கவில்லை. பள்ளிப் பதிவேட்டில் 'டிராப் அவுட்' என்று எழுதும் ஆசிரியர் எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை இதை நினைக்க வேண்டும்.

ஊமைத்துரையைப் பற்றி மாணவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. அவர் படுகாயத்தோடு வெளியே கிடந்தார். பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், உயிர் பிரியும் நிலையில் கிடந்த அந்த மகன், என்னை விட்டுவிட்டுச் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்று என்று சொன்னதாக வெல்ஷ் எழுதுகிறார். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் கிடத்தினார்கள். கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, அம்மையில் செத்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். பிப்ரவரியில் விலங்கைக் கழற்றியதும் அம்மை, மே மாதத்தில் தேடி வந்தவரை விலக்கியதும் அம்மை. அவர் அதன்பின் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார். பிடிபட்டு, நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயர் வெல்ஷுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. இந்தக் கதை முழுவதிலும் 'எஸ்கேப்' என்ற சொல்லைப் போடாமல் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், அவளுக்கு வேறு எந்தப் பட்டியலும் தேவையில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் இருபது சேர்க்கைகளை எழுதிப் பொருள் எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஊரை விட்டுப் போன ஒருவரைப் பற்றித் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு, முதலில் நம் பேச்சுத் தமிழில் எழுதி வரட்டும். ஓடிப்போனாரா, போனாரா, அனுப்பப்பட்டாரா, இறங்கச் சொன்னார்களா என்று அவர்கள் சொன்ன வினையை மாற்றாமல் எழுதட்டும். பிறகு நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த மனிதருக்கு நியாயமான ஆங்கில வினையைத் தேடுங்கள். அகராதி பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, பாடத்திட்டத்தில் அந்த ஒரு வாரத்தை ஒதுக்கித் தாருங்கள் என்று தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.